எண்ணுக்கு வைத்தியம்

சென்னைக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலைக்குச் சில ஆண்டுகள் பகுதிநேர மருத்துவராக இருந்தேன். அங்கே உழைத்தவர்களின் உடம்பில் ஈயம் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்கு மருந்தும் கொடுத்தேன். அவர்கள் குணமாக வேண்டும் என்று கொடுத்த மருந்து இல்லை அது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண் இறங்க வேண்டும் என்று கொடுத்தது. இதையே பலரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் பங்கு கொஞ்சம் சிறுத்துப்போய்விடும். இந்த முறை அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக்கூரை, இரண்டு உலை, ஒரு பக்கம் மலைபோல் பழைய பேட்டரி. லாரி பேட்டரி, ஆட்டோ பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் கலந்து வரும். மேல்மூடியை வெட்டி, ஆசிடைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் பிளேட்டுகளை உருவிக் குவிப்பார்கள். பிளேட்டில் அப்பியிருக்கும் சாம்பல்நிறப் பசை காய்ந்தால் மாவு போல் பறக்கும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அந்தப் பசையிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்க உலையை ஆயிரம் டிகிரி வரை ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டில் எழும் ஈயப் புகை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, வாசனையும் இருக்காது. கசடு வழிப்பவர் முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருப்பார். வேலை முடிந்ததும் அதே துண்டால் முகம் துடைத்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். கையிலிருந்து பீடிக்கு, பீடியிலிருந்து வாய்க்கு. மூக்கு வழியாகப் போகாத மிச்சமும் இப்படி உள்ளே போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு கட்டி வெல்லமும் வாழைப்பழமும் உண்டு. வெல்லம் நெஞ்சில் படிந்த தூசியை அறுத்துக்கொண்டு போகும் என்று எல்லாரும் நம்பினார்கள். வயிறு நிறைந்திருந்தால், உணவில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால், குடல் ஈயத்தைக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சும்; அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்துவிட்ட ஈயத்தை எந்த வெல்லமும் தொடாது. அந்த வெல்லக்கட்டியை நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. நானும் தின்றேன்.

வந்த முதல் சில மாதங்கள் எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ‘வயிறு முறுக்குது சார்’ என்பார்கள். மலச்சிக்கல், முழங்கால் வலி, அசதி, தூக்கமில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ‘வீட்டுக்காரிகிட்ட போக முடியல’ என்று தாழ்ந்த குரலில் சொன்னவர்களும் உண்டு. நெஞ்செரிச்சல் மாத்திரையும் வயிற்றுப்பிடிப்பு மாத்திரையும் எழுதினேன். ஒருவருக்கு அடிவயிற்றில் குடல்வால் அறுவைத் தழும்பு இருந்தது. அறுவைக்குப் பிறகும் அதே முறுக்கல். ஈய வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றைக் கிழிப்பது மருத்துவப் புத்தகங்களில் பழைய கதை. அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒவ்வொருவரின் உதட்டையும் விலக்கிப் பார்த்தேன். பல் ஈறின் ஓரத்தில் நீலங்கலந்த கருங்கோடு. 1840இல் ஹென்றி பர்ட்டன் என்ற லண்டன் மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் அது. மாணவனாக இருந்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். பான்மசாலாக் கறைக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது சிரமம்தான், ஆனால் தேடினால் தெரிந்தது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தால் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள். ரத்தச்சோகைக்கு நான் எழுதிக்கொடுத்திருந்த இரும்புச் சத்து மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதும் அப்போது புரிந்தது. சிவப்பணுவுக்கு வேண்டிய ஹீம் உருவாகும் பாதையில் ஈயம் இரண்டு இடங்களில் குறுக்கே நிற்கிறது. இரும்பு இருந்தாலும் அது சேர வேண்டிய இடத்தில் சேராது.

இதுவரை நடந்தது அறியாமை. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். இனி வருவது எல்லாம் தெரிந்தே செய்தது.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி ஈயத்தின் அளவை வாங்கினோம். டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். மனித உடம்புக்கு ஈயத்தால் எந்த உபயோகமும் கிடையாது. இருக்க வேண்டிய அளவு என்று ஒன்று இல்லை. உலைப் பக்கம் நின்றவர்களில் பலருக்கு 60க்கு மேல். ஒருவருக்கு 80ஐத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978இல் வந்த தொழிற்சாலை விதி, 60ஐத் தொட்டவரை ஈயம் படாத வேலைக்கு மாற்றச் சொல்கிறது. 40க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அவர் திரும்ப வரலாம். அதுவரை, 18 மாதம் வரை, சம்பளம் குறையக் கூடாது. நான் அந்த விதியைப் படித்திருந்தேன். நகல் எடுத்து முதலாளியின் மேசையிலும் வைத்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதையும் பாதியில் விட்டேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் வேட்டி சேலை எடுத்துக்கொடுப்பவர். நகலைப் புரட்டிவிட்டு, ‘டாக்டர், எத்தனை பேரை உட்கார வைக்கணும்னு சொல்லாதீங்க. எப்படிக் கொறைக்கறதுன்னு சொல்லுங்க’ என்றார். ஈயக் கட்டிகளை வாங்கும் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வரவிருந்தார்கள். தொழிலாளர்களின் ரத்தப் பரிசோதனைப் பட்டியலை அவர்கள் கேட்பார்கள். பட்டியல் 40க்குள் இருக்க வேண்டும்.

‘மருந்து இருக்கு’ என்று நான் சொன்னேன். அவர் கேட்டது வழி. மருந்து என்ற பேச்சை எடுத்தவன் நான்.

இந்த மருந்துகளின் கதை கொஞ்சம் விநோதமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆர்சனிக் கலந்த லூயிசைட் என்ற விஷவாயுவுக்கு முறிமருந்து தேடி, ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸின் ஆய்வுக்குழு கண்டுபிடித்ததுதான் பி.ஏ.எல். அது கடலை எண்ணெயில் கரைத்து வரும், சதையில் ஆழமாகப் போட வேண்டிய, பயங்கரமாக வலிக்கும் ஊசி. ஈயம் மூளையைத் தாக்கி வலிப்பு வந்தவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் ஊசி. சில மணி நேரம் கழித்து கால்சியம் ஈ.டி.டி.ஏ. சொட்டுசொட்டாக ஏறும். பெயரில் வரும் அந்தக் கால்சியம் அலங்காரம் அல்ல. கால்சியம் இல்லாத சோடிய வகையை மாற்றி ஏற்றினால், அது ரத்தத்திலிருக்கும் கால்சியத்தையே பிடித்துக்கொண்டு போய்விடும், இதயமே நின்றுவிடலாம். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அப்படித்தான் இறந்தான். ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிறோம் என்று ஈ.டி.டி.ஏ. ஏற்றும் கிளினிக்குகளின் விளம்பரத்தை இன்று பார்க்கும்போது எனக்கு அந்தச் சிறுவன் நினைவுக்கு வருகிறான். ஆனால் இப்படி அடுத்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வாயால் விழுங்கும் மருந்துகளில் சக்சிமர் நல்லது. 1991இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென அனுமதி பெற்றது. எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் அது கிடைத்ததில்லை. கிடைத்தது பென்சிலமைன். வில்சன் நோயில் உடம்பில் சேரும் செம்பை வெளியேற்ற ஜான் வால்ஷ் 1956இல் பயன்படுத்திக் காட்டிய மருந்து, முடக்குவாதத்துக்கும் கொடுப்பதுண்டு. ஈயத்தையும் பிடித்துச் சிறுநீரில் இறக்கும். அதற்கு விலையும் உண்டு: தோலில் தடிப்பு, வெள்ளணுக்கள் குறைவு, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவது. மருந்து கொடுக்கும் காலம் முழுக்கச் சிறுநீரையும் ரத்த அணுக்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும். நான் தொடங்கும்போது பார்த்தேன். பிறகு பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினேன்.

அமெரிக்க விதியின் அதே நகலில் இன்னொரு வரியும் இருந்தது. ஈயத்தில் தொடர்ந்து வேலை செய்பவரின் அளவைக் கட்டுக்குள் வைக்க முன்கூட்டியே இந்த மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று அது தடை செய்கிறது. காரணம் எளியது. உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் ஒரு பக்கம் இறைக்க, மறுபக்கம் நிரம்பும். போதாக்குறைக்கு, குடலில் கிடக்கும் ஈயத்தையும் மருந்து உள்ளே இழுத்துவிடலாம். ஈய நஞ்சுக்கு முதல் வைத்தியம் ஆளை ஈயத்திலிருந்து பிரிப்பது. பலருக்கு அதுவே முழு வைத்தியமும்கூட. இதை மூன்றாம் ஆண்டு மாணவனிடம் கேட்டாலும் சொல்வான்.

எண் எப்படி இறங்கும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. பெரியவர்களின் உடம்பிலிருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கும், பத்து இருபது ஆண்டுகள்கூட அங்கே தங்கும். ரத்தத்தில் ஓடுவது அதில் ஒரு சிறு பகுதி. மருந்து முதலில் அந்தச் சிறு பகுதியை வழித்தெடுக்கும். எண் சடாரென்று விழும். மருந்தை நிறுத்தியதும் எலும்பிலிருந்து ஈயம் கசிந்து, சில வாரங்களில் எண் மறுபடி ஏறும். ஆகவே மருந்துச் சுற்று முடிந்த கையோடு ரத்தம் எடுத்தால் பட்டியல் அழகாக இருக்கும். ரத்தம் எடுக்கும் தேதியைக் குறித்தவன் நான். முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரியாது. மேற்பார்வையாளருக்கும் தெரியாது. அந்த ஆலையில் அதைத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்.

தணிக்கை நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள். வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொழிலாளர்களிடம் அது சத்து மாத்திரை என்று சொன்னோம். ‘சொன்னோம்’ என்பதே ஒளிந்துகொள்ளும் பேச்சு. மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லி விநியோகித்தார், என் எதிரில் சொன்னார், நான் திருத்தவில்லை. ஒருவர் என்னிடமே கேட்டபோது ‘ஆமா, ரத்தத்துக்கு நல்லது’ என்றேன். அவர்களில் பாதிப்பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு அதைக்கூட யாரும் சொல்லவில்லை. கையில் வைத்தார்கள், விழுங்கினார்கள்.

இன்னொன்று. அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது ஈய நஞ்சுதான். ஆலையில் வேலை செய்பவருக்கு அது இருப்பதாக ஒரு மருத்துவர் கண்டால், தாமதமில்லாமல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. 89ஆம் பிரிவு இந்தக் கடமையை மருத்துவரின் தலையிலேயே நேரடியாக வைத்திருந்தது, முதலாளியைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெரிவிக்காவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஒரு மாலை போய்வர எனக்குக் கிடைத்தது அதைவிட அதிகம். தபால்தலை ஒட்டி ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை, ஒருவருக்காகக்கூட.

சாக்குகள் நிறைய இருந்தன. உட்கார வைத்தால் சம்பளம் போகும், இங்கே யார் 18 மாதம் கொடுக்கப்போகிறார்கள் என்பது முதல் சாக்கு. அதில் உண்மையும் இருந்தது, அதனால்தான் நெடுநாள் உதவியது. நான் செய்யாவிட்டால் வேறொருவர் வருவார் என்பது அடுத்தது. பக்கத்தில் லைசென்ஸ் இல்லாமல் கொல்லையில் வைத்து உருக்குகிறார்களே, அவர்களோடு ஒப்பிட்டால் நாம் மேல் என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் தாமஸ் லெக் என்ற மருத்துவர் இருந்தார். 1898இல் அந்த நாட்டின் முதல் மருத்துவத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர், வாழ்நாளில் பெரும்பகுதியை ஈய நஞ்சுக்காகச் செலவழித்தவர். வெள்ளை ஈயப் பெயிண்ட் குறித்த பன்னாட்டு ஒப்பந்தத்தைத் தன் அரசு ஏற்க மறுத்ததும், 1926இல் வேலையை விட்டுவிட்டுப் போனார். அவரைப் பற்றி ஒருமுறை சுழற்சங்கக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மறுநாள் ஆலைக்குப் போகும் நாள். போனேன்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் உலையில் கசடு வழித்த ஒருவர், நாற்பதை நெருங்கும் வயது, எங்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒருநாள் முகம் ஊதி வந்தார். கண்ணிமை தடித்திருந்தது. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ‘சத்து மாத்திரை சாப்ட்டா மூஞ்சி ஊதுமா சார்?’ என்றார். சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடுபடுத்தினேன், வெள்ளையாகத் திரண்டது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. காரணம் பென்சிலமைன் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்தச் சொன்னேன். நகரத்து அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கடிதத்தில் வயது, வீக்கம், சிறுநீரில் புரதம் எல்லாம் எழுதினேன். ஈயம் என்று எழுதவில்லை. பென்சிலமைன் என்றும் எழுதவில்லை. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று போட்டேன். மற்றவற்றை முதலாளிக்குப் பயந்தோ பணத்துக்காகவோ செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை எழுதும்போது என் அறையில் யாரும் இல்லை.

முகம் ஊதியவர் அந்த மாத்திரையின் காலி அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்த சிறுநீரகப் பிரிவு மருத்துவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளைய பெண், எனக்குப் போன் செய்தார். ‘சார், இவருக்கு எதுக்கு பென்சிலமைன்? வில்சனா? ஆர்த்ரைட்டிஸா?’ என்னால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்க முடியும். நாக்கு நுனி வரை வந்தது. ‘ஈயம்’ என்றேன். ‘எவ்வளவு?’ சொன்னேன். ‘வேலையை விட்டு எடுத்தீங்களா?’ நான் பதில் சொல்லவில்லை. ‘வீட்ல குழந்தைங்க?’ அதற்கும் பதில் இல்லை. ‘சரிங்க சார்’ என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

குழந்தைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பது உண்மை. ஆலையில் குளிக்க இடம் இல்லை. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போவார்கள், மனைவி துவைப்பார், அந்தத் தரையில் குழந்தை தவழும். பெரியவர் குடல் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சும். அமெரிக்காவில் 780 குழந்தைகளுக்கு நடந்த பரிசோதனையின் முடிவு 2001இல் வெளிவந்தது. சக்சிமர் கொடுத்ததும் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. ஆனால் அறிவுத்திறன் தேர்வுகளில், மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எண் இறங்கிவிட்டது, போனது திரும்பவில்லை. இதை நான் படித்திருந்தும், அந்தத் தொழிலாளர்களின் பத்துப் பதினைந்து வீடுகளில் ஒரு குழந்தைக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை.

உடனே வேலையை விட்டேனா என்றால், இல்லை. ஒப்பந்தம் முடியும்வரை போய்வந்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். பட்டியலில் எண் ஏறியதும் அவர்களே வேறு மருத்துவரைப் பார்த்துக்கொண்டார்கள். என்னை அனுப்பினார்கள் என்பதுதான் சரி. விலகினேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.

நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலச் செய்தியைப் பிறகுதான் விரிவாகப் படித்தேன். 2010இல் அங்கே ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு வாசலிலேயே உடைத்து அரைத்ததில், ஐந்து வயதுக்குட்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சக்சிமரோடு போனது. ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஊர் மண்ணைச் சுரண்டி அகற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் மருந்து. பகேகா என்ற ஊரில் அந்தத் துப்புரவுக்குப் பணம் வந்து வேலை தொடங்க 2013 ஆகிவிட்டது. அதுவரை அந்த ஊரில் குழந்தைகளுக்கு அந்த மருந்தைத் தொடங்க மறுத்தார்கள். கையில் மருந்து இருந்தும், எதிரில் குழந்தை இருந்தும். எவ்வளவு கடினமான மறுப்பு என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கேட்கப்பட்டது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

முகம் ஊதியவருக்கு, மருந்து நின்ற சில மாதங்களில் புரதம் ஒழுகுவது குறைந்து நின்றது. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அதை நான் பெருமையாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. போன ஆண்டு அவருடைய போன் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். என்ன மாத்திரை கொடுத்தேன், ஏன் கொடுத்தேன், கடிதத்தில் எதை மறைத்தேன் என்று முழுவதும் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டார். ‘தெரியும் சார். அந்த டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க’ என்றார். பிறகு, அவருடைய மச்சான் மகன் வேறொரு மாநிலத்தில் பேட்டரி உலைக்குப் போயிருக்கிறான், அங்கே ரத்தத்தில் அளவு கூடியதால் மறுபடி வேலைக்குச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். அந்த மாத்திரையின் பெயரை எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். ஏன் என்று விளக்கினேன், வீக்கத்தை நினைவுபடுத்தினேன், பையனை அந்த வேலையிலிருந்து வெளியே வரச் சொன்னேன். ‘வெளிய வந்து?’ என்றார். அதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இருந்தது, வேறு பதில் இல்லை. பழைய அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.